துளியின் எல்லையைக் கணக்கிட்ட அறிஞர்

நுழையும்முன்

மழைத்துளியையும் பனித்துளியையும் தாமரை இலைமேல் உருளும் நீர்த்துளியையும் நாம் கண்டிருக்கிறோம். துளி ஏன் உருண்டை வடிவம் கொள்கிறது? அத்துளிக்கு மின்னூட்டத்தை மேலும் மேலும் அளித்துக்கொண்டே சென்றால் என்ன நிகழும்? இவ்வினாவுக்கு 1882ஆம் ஆண்டில் மூன்றே பக்கங்களில் விடை எழுதியவர் இங்கிலாந்து நாட்டு இயற்பியல் அறிஞர் இராலே பிரபு. அவ்விடையின் ஒரு பகுதியைக் கண்ணால் கண்டு உறுதிசெய்ய உலகம் நூறாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. அவர்தம் வாழ்க்கையையும், அவர் நிறுத்திய இடத்திலிருந்து கணினி தொடர்ந்த வரலாற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்பது இராலேயின் இயற்பெயர். இராலே பிரபு என்பது அவருடைய குடும்பத்துக்குரிய பட்டம். அவர் 1842ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள், இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்திலுள்ள மால்டன் நகரை அடுத்த லாங்ஃபோர்டு குரோவ் என்னும் இடத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் இரண்டாம் இராலே பிரபு ஆவார். டெர்லிங் என்னும் ஊரில் அவர்களுக்குப் பெரிய மாளிகையும் பரந்த விளைநிலங்களும் இருந்தன.

செல்வம் நிறைந்த குடும்பத்தில் பிறந்தபோதும் இளம்பருவத்தில் அவருக்கு உடல்நலம் வாய்க்கவில்லை. ஈட்டன், ஹாரோ ஆகிய புகழ்பெற்ற பள்ளிகளில் சேர்ந்தும் நோயின் காரணமாக அவரால் நெடுநாள் அங்குப் பயில இயலவில்லை. பின்னர் டார்க்கீ என்னும் கடற்கரை நகரில் ஆசிரியர் ஒருவர் நடத்திய சிறு பள்ளியில் நான்கு ஆண்டுகள் பயின்றார். 1861ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து கணிதம் கற்றார். 1865ஆம் ஆண்டு நடைபெற்ற கணிதத் தேர்வில் அப்பல்கலைக்கழகத்தின் முதல் மாணவராகத் தேறினார். மறு ஆண்டு அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார்.

இல்லத்தில் அமைந்த ஆய்வகம்

அக்காலத்தில் உயர்குடியில் பிறந்தோர் பெரும்பாலும் அரசியலையோ நில மேலாண்மையையோ நாடுவர். அறிவியல் ஆய்வைத் தொழிலாகக் கொள்வது அவர்களிடையே வழக்கமன்று. இராலே அவ்வழக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. 1868ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணத்தை முடித்துத் திரும்பியதும் ஆய்வுக் கருவிகளை வாங்கித் தம் இல்லத்திலேயே ஆய்வு செய்யத் தொடங்கினார். எளிய கருவிகளைக் கொண்டே நுட்பமான அளவீடுகளைச் செய்வது அவருடைய இயல்பு.

1871ஆம் ஆண்டு அவர் வானம் நீலமாகத் தோன்றுவதற்கான காரணத்தைக் கணக்கின் துணைகொண்டு விளக்கினார். ஒளியின் அலைநீளம் குறையக் குறைய, நுண்துகள்களால் அது சிதறடிக்கப்படும் அளவு மிகுகிறது. ஆகவே நீல ஒளி சிவப்பு ஒளியைவிட மிகுதியாகச் சிதறுகிறது. நம் அறிவியல் பாடநூல்களில் இராலே ஒளிச்சிதறல் என்று நாம் படிப்பது இதனையே. அதே ஆண்டில் அவர் எவ்லின் பால்ஃபர் என்னும் அம்மையாரை மணந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைமை அமைச்சராக விளங்கிய ஆர்தர் பால்ஃபர் இவ்வம்மையாரின் உடன்பிறந்தவர் ஆவார்.

நைல் ஆற்றில் தொடங்கிய நூல்

திருமணமான மறு ஆண்டு இராலே கடுமையான வாதக் காய்ச்சலால் துன்புற்றார். உடல் தேறுவதற்காகக் குளிர்காலத்தை எகிப்து நாட்டில் கழித்தார். நைல் ஆற்றில் படகில் பயணம் செய்த அந்நாள்களில், அருகில் ஆய்வகமோ பெரிய நூலகமோ இல்லாத நிலையிலும், ஒலியின் கோட்பாடு என்னும் தம் பெருநூலை எழுதத் தொடங்கினார். அந்நூல் 1877, 1878 ஆகிய ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதிர்வும் அலைவும் பற்றிய ஆய்வுக்கு அந்நூல் நெடுங்காலம் அடிப்படையாக விளங்கிற்று.

1873ஆம் ஆண்டு தந்தையார் மறையவே, அவர் மூன்றாம் இராலே பிரபு ஆனார். பட்டத்தோடு விளைநிலங்களைப் பேணும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. சில ஆண்டுகளுக்குப் பின்னர் அப்பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, தம் காலம் முழுவதையும் ஆய்வுக்கே செலவிட்டார்.

நீரூற்றும் அரக்குத் துண்டும்

அதிர்வுகளைப் பற்றிய சிந்தனை அவரை நீர்த்தாரையின்பால் ஈர்த்தது. குழாயிலிருந்து விழும் மெல்லிய நீர்த்தாரை சிறிது தொலைவு சென்றபின் துளிகளாக உடைவதை நாம் பார்த்திருப்போம். அது ஏன் உடைகிறது என்பதை இராலே கணக்கிட்டு விளக்கினார்.

நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல் நடந்துகொள்கிறது. அஃது எப்போதும் தன் பரப்பளவைக் குறைத்துக்கொள்ளவே முயல்கிறது. இவ்விசையைப் பரப்பு இழுவிசை என்பர். ஒரே அளவுள்ள நீரை மிகக் குறைந்த பரப்பளவால் மூடக்கூடிய வடிவம் கோளம். சிறு துளி உருண்டையாக இருப்பதற்கு இதுவே காரணம். மெல்லிய தாரையும் தன் பரப்பைக் குறைத்துக்கொள்ள முயன்று இறுதியில் துளிகளாகப் பிரிகிறது.

1879ஆம் ஆண்டு அவர் மற்றொரு வியப்பான செய்தியை வெளியிட்டார். மேல்நோக்கிப் பீய்ச்சும் நீரூற்றின் துளிகள் ஒன்றோடொன்று மோதி, ஒட்டாமல் தெறித்துச் சிதறுகின்றன. தேய்த்து மின்னேற்றிய அரக்குத் துண்டு ஒன்றை அருகில் கொண்டுவந்தால், மோதும் துளிகள் தெறிக்காமல் ஒன்றாக இணைந்து பெரிய துளிகளாகின்றன. ஆனால் மின்னேற்றம் மிகவும் வலியதாயின், துளிகள் ஒன்றையொன்று விலக்கி முன்னிலும் அகலமாகச் சிதறுகின்றன. சிறிதளவு மின்னூட்டம் சேர்க்கிறது. பேரளவு மின்னூட்டம் பிரிக்கிறது. இடிமழையில் துளிகள் பெரியனவாக விழுவதற்கு இது காரணமாகலாமோ எனவும் அவர் எண்ணினார். துளியையும் மின்னையும் சேர்த்து ஆராயும் எண்ணம் இவ்வாறு அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

கேவண்டிஷ் ஆய்வகத்தில்

கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தின் முதல் பேராசிரியராக விளங்கிய ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1879ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்குமாறு இராலே அழைக்கப்பட்டார். 1884ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்து ஆய்வகத்தை வளர்த்தார். செய்முறைப் பயிற்சியை ஒழுங்குபடுத்தினார். கருவிகள் வாங்க நிதி திரட்டித் தாமும் பொருள் வழங்கினார். மாணவியரும் மாணவரோடு ஒப்பப் பயில அவர் காலத்தில் வழி பிறந்தது.

மின்தடை, மின்னோட்டம், மின்னழுத்தம் ஆகியவற்றை அளக்கப் பயன்படும் ஓம், ஆம்பியர், வோல்ட் என்னும் அலகுகளைத் துல்லியமாக வரையறுக்கும் பணி அக்காலத்தில் இன்றியமையாததாயிற்று. இராலே பல ஆண்டுகள் உழைத்து அப்பணியை நிறைவேற்றினார். அவருடைய மனைவியாரின் தமக்கையாரான எலனார் சிட்விக் அம்மையார் அவ்வளவீடுகளில் அவருக்கு உறுதுணையாக இருந்தார். இவ்வம்மையார் பின்னாளில் நியூனம் மகளிர் கல்லூரியின் முதல்வராக விளங்கினார்.

மூன்று பக்கக் கட்டுரை

கேவண்டிஷ் பேராசிரியராக இருந்த காலத்தில்தான், 1882ஆம் ஆண்டு, பிலாசபிகல் மேகசின் என்னும் ஆய்விதழில் இராலேயின் சிறு கட்டுரை ஒன்று வெளிவந்தது. மின்னூட்டம் பெற்ற, மின்னைக் கடத்தும் திரவத் துளி எப்போது நிலையாக இருக்கும், எப்போது நிலைகுலையும் என்பதே அதன் பொருள். அக்கட்டுரை மூன்று பக்க அளவினது.

அவருடைய சிந்தனையை எளிய முறையில் இவ்வாறு விளக்கலாம். துளியின்மேல் இரண்டு விசைகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. பரப்பு இழுவிசை துளியை உள்நோக்கி இறுக்குகிறது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால், மின்விசை துளியின் பரப்பை வெளிநோக்கித் தள்ளுகிறது. மின்னூட்டம் குறைவாக இருக்கும்வரை பரப்பு இழுவிசையே வெல்லும். துளியைச் சிறிது நீட்டிவிட்டாலும் அது மீண்டும் உருண்டையாகிவிடும். மின்னூட்டம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மின்விசை வெல்லும். அப்போது தற்செயலாக ஏற்படும் சிறு நீட்சியும் மேலும் மேலும் வளர்ந்து துளியைக் குலைத்துவிடும்.

அவ்வெல்லையை இராலே கணக்கிட்டுக் கூறினார். துளி தாங்கக்கூடிய மின்னூட்டத்தின் வர்க்கம், அதன் ஆரத்தின் மும்மடிக்கும் பரப்பு இழுவிசைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். இன்று இதனை இராலே எல்லை என்று அழைக்கிறோம். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள நீர்த்துளி ஏறத்தாழ 400 கோடி எலக்ட்ரான்களின் மின்னூட்டத்துக்குச் சமமான அளவைத் தாங்கும். அவர் இக்கணக்கை எழுதியபோது எலக்ட்ரான் கண்டறியப்பட்டிருக்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

இவ்விதியிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்குகிறது. துளியின் ஆரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், அது தாங்கும் மின்னூட்டம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காற்றில் மிதக்கும் மின்னூட்டத் துளி ஒன்று ஆவியாகிச் சிறுத்துக்கொண்டே வருவதாகக் கொள்வோம். நீர் ஆவியாகும், மின்னூட்டமோ பெரும்பாலும் துளியிலேயே தங்கிவிடும். ஆகவே முதலில் பாதுகாப்பாக இருந்த துளியும் ஒரு நேரத்தில் தன் எல்லையை எட்டியே தீரும்.

எழுதுகோல் நின்ற இடம்

எல்லையைக் கடந்த துளி எவ்வாறு உடையும்? இவ்விடத்தில் இராலேயின் கணக்குக்கு ஒரு தடை இருந்தது. துளியின் வடிவம் கோளத்திலிருந்து மிகச் சிறிதே மாறுபடுவதாகக் கொண்டால்தான் சமன்பாடுகளை எழுதுகோல் கொண்டு தீர்க்க முடியும். துளி பெரிதும் நீண்டு உருமாறிய பின்னர், வடிவம் மாறுந்தோறும் மின்னூட்டம் பரவியிருக்கும் முறையும் மாறும். மின்னூட்டம் பரவும் முறை மாறினால் விசை மாறும். விசை மாறினால் வடிவம் மீண்டும் மாறும். ஒன்றையொன்று பற்றிச் சுழலும் இச்சமன்பாடுகளைத் தாளில் தீர்ப்பது இயலாத செயல்.

இராலே தம் கணக்கு எட்டிய தொலைவுவரை மட்டுமே கூறினார். மின்னூட்டம் எல்லையை வெகுவாக விஞ்சிய நிலையில், துளியிலிருந்து மிக மெல்லிய தாரைகள் பீறிடும் என்று முன்னுரைத்தார். அத்தாரைகள் எவ்வளவு மெல்லியனவாக இருந்தாலும் அம்மென்மைக்கும் ஒரு வரம்பு உண்டு என்றார். அதற்குமேல் ஊகங்களை அடுக்கவில்லை. கட்டுரையை அத்துடன் முடித்துக்கொண்டார்.

சமையலறையிலிருந்து வந்த கடிதம்

பேராசிரியர் பதவியிலிருந்து விலகிய பின்னர் இராலே டெர்லிங் இல்லத்து ஆய்வகத்துக்கே திரும்பினார். நீர்ப்பரப்பின் இயல்புகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதனை எழுதியவர் ஆக்னஸ் போக்கல்ஸ் என்னும் பெண்மணி. பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பற்ற அவர், வீட்டுப் பணிகளுக்கு இடையே, தகரத் தொட்டி ஒன்றில் நீரை நிரப்பிப் பரப்பு இழுவிசையை அளந்திருந்தார்.

முன்பின் அறியாத ஒருவரின் கடிதம் என்று இராலே அதனை ஒதுக்கிவிடவில்லை. அவருடைய மனைவியார் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இராலே அக்கடிதத்தை நேச்சர் என்னும் புகழ்பெற்ற ஆய்விதழுக்கு அனுப்பி வெளியிடச் செய்தார். அதே துறையில் தாமும் உழைத்துக்கொண்டிருந்தபோதும், பிறர் கண்ட உண்மை அவர் பெயராலேயே உலகுக்குத் தெரியவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

சிறு வேறுபாடு தந்த பெரும்பயன்

இராலேயின் பெயரை உலகெங்கும் பரப்பியது ஆர்கான் வளிமத்தின் கண்டுபிடிப்பு. காற்றிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிடச் சற்றே எடை மிகுந்ததாக இருப்பதை அவர் கண்டார். வேறுபாடு நூற்றில் அரைப் பங்கு அளவே. வேறொருவர் அதனை அளவீட்டுப் பிழை என்று விட்டிருக்கக்கூடும். இராலே மீண்டும் மீண்டும் எடையிட்டார், வேறுபாடு மறையவில்லை. 1892ஆம் ஆண்டு அதனை நேச்சர் இதழில் வெளிப்படையாக அறிவித்து, காரணம் அறிந்தவர்களின் கருத்தை வேண்டினார்.

வில்லியம் ராம்சே என்னும் வேதியியல் அறிஞரும் இவ்வாய்வில் ஈடுபட்டார். 1894ஆம் ஆண்டு இருவரும் சேர்ந்து, காற்றில் அதுவரை எவரும் அறியாத புதிய தனிமம் இருப்பதை அறிவித்தனர். நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஆர்கான் வளிமமே. 1904ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு இராலேக்கும், வேதியியலுக்கான நோபல் பரிசு ராம்சேக்கும் வழங்கப்பட்டன. இராலே தம் பரிசுத்தொகையைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வழங்கிவிட்டார்.

அவர் 1905ஆம் ஆண்டு முதல் 1908ஆம் ஆண்டு வரை இராயல் கழகத்தின் தலைவராகவும், 1908ஆம் ஆண்டு முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் பணியாற்றினார். வாழ்நாளில் நானூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். 1919ஆம் ஆண்டு சூன் திங்கள் 30ஆம் நாள் டெர்லிங் இல்லத்தில் இயற்கை எய்தினார்.

கணினி தொடர்ந்த கணக்கு

இராலே மறைந்தபின் அவருடைய துளிக் கணக்கு மறக்கப்படவில்லை. அவர் பயின்ற அதே டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜி. ஐ. டெய்லர், 1964ஆம் ஆண்டில் மின்புலத்தில் வைக்கப்பட்ட திரவத்தின் முனை கூம்பு வடிவம் கொள்வதை ஆராய்ந்து விளக்கினார். ஆயினும் துளி உருண்டையாக இருந்த நொடி முதல் உடையும் நொடி வரை நிகழ்வதை முழுமையாகப் பின்தொடர மின்னணுக் கணினியே தேவைப்பட்டது.

கணினியில் துளியை எவ்வாறு அமைக்கிறார்கள்? துளியின் பரப்பை முதலில் மிகச் சிறிய பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு மின்னூட்டம் உள்ளது, அதனால் எழும் வெளிநோக்கிய விசை எவ்வளவு, வளைவுக்கேற்பப் பரப்பு இழுவிசை உள்நோக்கி இறுக்கும் அளவு எவ்வளவு என்பவற்றைக் கணினி கணக்கிடுகிறது. பின்னர் திரவத்தின் பாகுநிலையையும் கருத்திற்கொண்டு, மிகக் குறுகிய நேரத்தில் அப்பகுதி எவ்வளவு நகரும் என்று காண்கிறது. எல்லாப் பகுதிகளும் நகர்ந்ததும் துளிக்குப் புதிய வடிவம் கிடைக்கிறது. அப்புதிய வடிவத்துக்கு மீண்டும் முதலிலிருந்து அதே கணக்கு. இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை செய்யும்போது, துளியின் மாற்றம் தொடர்படம்போல் வெளிப்படுகிறது. இயற்கை நிகழ்வொன்றை எண்களால் கணினிக்குள் நடத்திப் பார்க்கும் இம்முறையைக் கணினி உருவகப்படுத்தல் என்பர்.

எல்லையைக் கடந்த துளி, உருவகப்படுத்தலில் முதலில் எலுமிச்சங்கனிபோல் இருபுறமும் நீள்கிறது. நீண்ட இரு முனைகளிலும் மின்னூட்டம் திரளுகிறது. திரளுந்தோறும் முனைகள் மேலும் கூர்மையாகின்றன. இங்கே கணினிக்கும் ஒரு சோதனை உண்டு. முனை கூர்மையாகக் கூர்மையாக, அதனை அளக்கும் பகுதிகளும் மிக நுண்ணியனவாக வேண்டும். நேரத்தையும் மேலும் மேலும் சிறு கூறுகளாகப் பகுக்க வேண்டும். இல்லையேல் விடை பிழையாகிவிடும்.

மின்புலத்தில் வைக்கப்பட்ட துளிகளைப் பற்றி 2008ஆம் ஆண்டு வெளியான உருவகப்படுத்தல் ஆய்வு ஒன்று புதிய செய்தியைத் தந்தது. திரவத்தை முழுமையான கடத்தி என்று கொண்டாலும், முழுமையான காப்பான் என்று கொண்டாலும் மெல்லிய தாரை தோன்றவில்லை. மின்னூட்டம் பரப்பின்மேல் பரவச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும் இடைநிலைத் திரவத்தில்தான் தாரை தோன்றியது. அந்நிலையில் மின்விசை பரப்பை வெளியே தள்ளுவதோடு நில்லாமல், பரப்பின்வழியே முனையை நோக்கித் திரவத்தை இழுத்தும் செல்கிறது. கடத்தியெனக் கொண்டு தொடங்கிய எளிய கணக்கு எங்கே விரிவடையவேண்டும் என்பதை இது காட்டியது.

ஒளிப்படம் தந்த சான்று

கணினியில் தோன்றுவது இயற்கையிலும் நிகழ்கிறதா என்பதை ஆய்வுதான் முடிவு செய்யவேண்டும். ஜெர்மானிய ஆய்வாளர்கள் எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தின் நுண்துளி ஒன்றுக்கு மின்னூட்டம் அளித்து, எதையும் தொடாதவாறு மின்புலத்தால் தாங்கி நிறுத்தினர். அத்துளி ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு ஆரமும் இல்லாதது. துளி ஆவியாகிச் சிறுத்து இராலே எல்லையை எட்டும் வரை காத்திருந்து, மிகக் குறுகிய ஒளிவீச்சின் உதவியால் படம் பிடித்தனர்.

படங்களில் துளி நீண்டது. இரு முனைகளும் கூர்மையடைந்தன. இரண்டிலிருந்தும் மெல்லிய தாரைகள் எதிரெதிர்த் திசைகளில் பீறிட்டன. பின்னர் துளி மீண்டும் உருண்டையாயிற்று. இம்முறையில் துளி இழந்த நிறை மிகமிகச் சிறிது. ஆனால் இழந்த மின்னூட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மின்னூட்டம் முனைகளில் திரண்டிருந்ததே இதற்குக் காரணம். இப்படங்கள் 2003ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளிவந்தன. இராலே தாரைகளை முன்னுரைத்து அப்போது 121 ஆண்டுகள் கடந்திருந்தன.

துளியிலிருந்து அணுக்கரு வரை

இராலேயின் கருத்து அவர் எண்ணியிராத துறைகளிலும் பயன்பட்டது. 1938ஆம் ஆண்டின் இறுதியில் யுரேனிய அணுக்கரு இரண்டாகப் பிளவுறுவது கண்டறியப்பட்டது. மறு ஆண்டில் நீல்ஸ் போரும் ஜான் வீலரும் அணுக்கருவை மின்னூட்டம் பெற்ற துளியோடு ஒப்பிட்டு அப்பிளவை விளக்கினர். அணுக்கருவில் மின்னூட்டம் பரப்பில் மட்டுமன்றி உள்முழுதும் பரவியுள்ளது. எனினும், இறுக்கும் விசைக்கும் விலக்கும் விசைக்கும் இடையே நிகழும் போட்டி அங்கும் உண்டு.

மருந்தாய்வுக் கூடங்களில் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை எடையிட, அவை கரைந்த திரவத்தை மின்னூட்டமுள்ள நுண்துளிகளாகத் தெளிக்கின்றனர். துளிகள் ஆவியாகி எல்லையை எட்டி உடைந்து உடைந்து, இறுதியில் மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகள் தனித்து நிற்கின்றன. இம்முறையை வளர்த்த ஜான் ஃபென் 2002ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இராலேயும் இராமனும்

இராலேயின் முடிவுகள் அனைத்தும் காலத்தை வென்றன என்று கூறிவிட முடியாது. கடலின் நீலம் வானத்து நீலத்தின் எதிரொளிப்பே என்று அவர் கருதினார். 1921ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் தாயகம் திரும்பிய சர் சி. வி. இராமன் நடுநிலக்கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு அக்கருத்தை ஐயுற்றார். எதிரொளிப்பை நீக்கிக் காட்டும் பட்டகத்தின் வழியே நோக்கியபோதும் கடலின் நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் காட்டினார். கொல்கத்தாவில் அவர் தொடர்ந்த அவ்வாய்வே 1928ஆம் ஆண்டில் இராமன் விளைவாக மலர்ந்தது. இராலே காற்றுக்குக் கூறிய சிதறலை நீருக்கு விரித்துரைத்தே இராமன் அவருடைய முடிவைத் திருத்தினார் என்பது கருதத்தக்கது.

நிறைவாக

தாம் அறிந்ததை அறிந்த அளவில் கூறுவதும், கணக்கு நிற்கும் இடத்தில் தாமும் நிற்பதும் எளிய பண்புகள் அல்ல. இராலேயிடம் அவை இயல்பாகவே அமைந்திருந்தன. அவர் வரைந்த எல்லை தெளிவாக இருந்ததால்தான், பின்வந்தோர் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதை அறிந்துகொண்டனர். இன்று கணினி ஆயிரம் ஆயிரம் முறை கணக்கிட்டுத் துளியின் உருமாற்றத்தைக் காட்டுகிறது. அக்கணினி முதலில் கடக்கவேண்டிய சோதனை, 1882ஆம் ஆண்டின் அம்மூன்று பக்கங்களில் உள்ள விடையோடு தன் விடை பொருந்துகிறதா என்பதே.

சொல்லும் பொருளும்

திங்கள் – மாதம்
பரப்பு இழுவிசை – திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள முயலும் விசை
தாரை – தொடர்ந்து பாயும் மெல்லிய ஒழுக்கு
காப்பான் – மின்னைக் கடத்தாத பொருள்
பாகுநிலை – திரவம் ஓடுவதைத் தடுக்கும் தன்மை
விஞ்சுதல் – மிகுதல், மேற்படுதல்
பீறிடுதல் – வேகமாக வெளிப்படுதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. இராலேயின் இயற்பெயர் __________.
2. ஒலியின் கோட்பாடு என்னும் நூலை இராலே __________ ஆற்றில் பயணம் செய்தபோது எழுதத் தொடங்கினார்.
3. இராலேயும் ராம்சேயும் கண்டறிந்த தனிமம் __________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சிறு துளி உருண்டையாக இருப்பது ஏன்?
2. மின்னேற்றிய அரக்குத் துண்டை நீரூற்றின் அருகில் கொண்டுசென்றபோது நிகழ்ந்தது என்ன?
3. ஆக்னஸ் போக்கல்ஸ் எழுதிய கடிதத்தை இராலே என்ன செய்தார்?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. கணினியில் துளியின் உருமாற்றம் கணக்கிடப்படும் முறையை விளக்குக.
2. உடையும் துளி நிறையைச் சிறிதே இழந்தும் மின்னூட்டத்தை மிகுதியாக இழப்பது ஏன்?

ஈ. சிந்தித்து எழுதுக.
1. துளியின் ஆரம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தால், அது தாங்கும் மின்னூட்டம் எத்தனையில் ஒரு பங்காகும்?
2. கணினி தரும் விடையை ஆய்வின் மூலமும் சரிபார்ப்பது ஏன் தேவை? உம் கருத்தை எழுதுக.

உ. பிரித்து எழுதுக.
நீர்த்துளி, மின்னூட்டம், பெரும்பயன், இவ்விதி